அறிவிக்கப்படாத சட்டம் சட்டமா?

மன்றம் நிறைவேற்றிவிட்டது, ஆட்சித் தலைவர் ஒப்பமிட்டுவிட்டார், கோப்பில் முத்திரையும் விழுந்துவிட்டது. ஆனால் யாருடைய நடத்தையைக் கட்டுப்படுத்த அந்தச் சட்டம் வந்ததோ, அவர் காதுக்கு அது எட்டவில்லை. அந்த நிலையில் அதை மீறியவரைத் தண்டிக்கலாமா? இக்கேள்விக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பதில் தேடப்பட்டு வருகிறது.

இந்த விவாதத்தின் நடுவில் நிற்பது ஆங்கிலச் சட்டமொழியின் ‘ப்ரொமல்கேட்’ என்ற வினைச்சொல். சட்டத்தை முறைப்படி ஊரறியச் செய்வது என்பது அதன் பொதுப் பொருள். தமிழில் இடத்துக்கேற்பப் பிரகடனப்படுத்துதல், பிறப்பித்தல், வெளியிடுதல் என்கிறோம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில் 123, 213 ஆகிய பிரிவுகள், அவசரச் சட்டங்களுக்கு இந்தச் சொல்லையே பயன்படுத்துகின்றன. அங்கே அது பெரும்பாலும் ‘பிறப்பித்தல்’ என்ற பொருளில் நிற்கிறது. ஆக, ஒரே சொல் சட்டத்தை உண்டாக்கும் செயலையும் குறிக்கிறது, உண்டான சட்டத்தை மக்களிடம் சேர்க்கும் செயலையும் குறிக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததே இந்த விவாதம் முடியாமல் நீள்வதற்கு முக்கியக் காரணம் என்று தோன்றுகிறது.

ரோமில் இருந்த முறை

குடியரசுக் கால ரோமில் இந்தச் சொல்லின் இலத்தீன் மூலம், இயற்றி முடித்த சட்டத்தைக் குறிக்கவில்லை. வாக்கெடுப்புக்கு வரவிருக்கும் மசோதாவை முன்கூட்டியே பொதுவில் எழுதி வைப்பதையே குறித்தது. மசோதா வெளியானதற்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே மூன்று சந்தை நாள்கள் கழிய வேண்டும் என்பது மரபு. சந்தைக்கு வரும் உழவர்கள் அதைப் படிக்கவும், படிக்கத் தெரியாதவர்கள் கேட்டறியவும், ஊர் திரும்பிப் பேசிக்கொள்ளவும் அந்த அவகாசம் உதவியது. கி.மு. 98இல் வந்த கேசிலியா–டிடியா சட்டம் இந்த இடைவெளியை வலியுறுத்தியது.

பேரரசுக் காலத்தில் சட்டம் மக்கள் சபையிலிருந்து பேரரசரின் அரண்மனைக்கு இடம் மாறியபோது, அறிவிப்பும் முன்னிலிருந்து பின்னுக்குப் போனது. முன்பு மக்களின் கருத்துக்காக அறிவித்தார்கள். பின்பு மக்களின் கீழ்ப்படிதலுக்காக அறிவித்தார்கள். இன்று நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருளைத்தான்.

மறைத்து வைப்பதே நல்லது என்ற தரப்பு

சட்டத்தை வெளியிட வேண்டும் என்பது எல்லோரும் எப்போதும் ஒப்புக்கொண்ட கருத்து என்று எண்ணிவிடக் கூடாது. கி.மு. 536இல் சீனாவின் ஜெங் நாட்டு அமைச்சர் ஜிசான், தண்டனைச் சட்டங்களை வெண்கலக் கலங்களில் வார்க்கச் செய்தார். அண்டை நாடான ஜின்னைச் சேர்ந்த ஷூஷியாங் இதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார் என்று ‘ஜுவோ ஜுவான்’ என்ற பழைய வரலாற்று நூல் பதிவு செய்கிறது. தண்டனை இன்னதென்று மக்களுக்குத் தெரிந்துவிட்டால், மேலோரின் மேல் இருக்கும் அச்சம் போய்விடும், எழுத்தைக் காட்டி வழக்காடத் தொடங்குவார்கள் என்பது அவர் வாதம். கி.மு. 513இல் ஜின் நாடே இரும்புக் கலத்தில் சட்டங்களைப் பொறித்தபோது, கன்பூசியஸும் இதே போக்கில் குறை கூறியதாக அந்நூல் சொல்கிறது.

ரோமிலும் ஒரு காலத்தில் சட்ட அறிவு உயர்குடியினரான பத்ரீசியர் கையில் இருந்தது. கி.மு. 450 அளவில் பன்னிரண்டு பலகைகள் பொதுவில் வைக்கப்பட்டது, எளிய மக்களின் நெடிய போராட்டத்தின் விளைவு. பலகைகள் வந்த பிறகும் வழக்குத் தொடுக்கும் வாசகங்களும் நீதிமன்ற நாள்காட்டியும் குருமாரிடமே இருந்தன. கி.மு. 304 அளவில் நேயஸ் பிளேவியஸ் என்ற எழுத்தர் அவற்றையும் வெளியிட்டார்.

ஷூஷியாங்கின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எழுதிய சட்டம் ஓட்டைகளைத் தேடவும் வழிகாட்டும் என்பது உண்மை. ஆனால் அவர் கெடுதல் என்று சொன்னதையே, அதாவது எழுத்தைக் காட்டி ஆட்சியாளரிடம் வாதிடும் உரிமையையே, பின்வந்தவர்கள் சட்ட ஆட்சியின் பயன் என்று கொண்டார்கள்.

அறிவிப்பே சட்டத்தின் உயிர் என்ற தரப்பு

ஏறத்தாழ 1140இல் தொகுக்கப்பட்ட கிரேஷியனின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிவிக்கப்படும்போதுதான் சட்டம் நிலைபெறுகிறது என்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதைச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே கொண்டுவந்தார். அறிவுக்குப் பொருந்தியது, பொது நன்மைக்கானது, சமூகத்தைப் பேணும் பொறுப்புள்ளவர் இயற்றியது ஆகியவற்றோடு, அறிவிக்கப்பட்டது என்பதையும் நான்காவது கூறாகச் சேர்த்தார். அளவுகோல் அளக்கப்படும் பொருளின் மேல் படவேண்டும். சட்டமும் மனிதரின் அறிவில் பட்டால்தான் அளவாக முடியும் என்பது அவர் காட்டிய காரணம். மற்றவர்களின் வழியாக அறிந்தோ, அறியக்கூடிய நிலையிலோ இருந்தால் போதும் என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

அக்குவினாஸுக்கு நேர் எதிரான தத்துவத்திலிருந்து வந்த தாமஸ் ஹாப்ஸும் 1651இல் இதே முடிவை எட்டியது கவனிக்கத்தக்கது. அவருக்குச் சட்டம் என்பது இறையாண்மையின் கட்டளை. கட்டளை கேட்பவருக்கு விளங்க வேண்டும். இட்டவர் யார் என்பதும் தெரிய வேண்டும். அதனால்தான் குழந்தைகளையும் மனநிலை பிறழ்ந்தவர்களையும் சட்டம் கட்டுப்படுத்தாது என்றார்.

இத்தரப்பின் சிக்கல், எவ்வளவு அறிவித்தால் போதும் என்ற இடத்தில் எழுகிறது. இதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் நல்ல சான்று. 1563இல் அச்சங்கம், பங்குத்தந்தையும் சாட்சிகளும் இல்லாத இரகசியத் திருமணம் செல்லாது என்று ஆணையிட்டது. அந்த ஆணை ஒவ்வொரு பங்கிலும் முதன்முதல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாள் கழித்தே அங்கு நடைமுறைக்கு வரும் என்றும் விதித்தது. அறிவிப்பை இவ்வளவு மதித்த சட்டம் அரிது. ஆனால் அறிவிக்கப்படாத பங்குகள் பல இருந்தன. ஒரே சபையைச் சேர்ந்தவர்களுக்குள், ஒருவர் திருமணம் செல்லும், மற்றவர் திருமணம் செல்லாது என்ற நிலை நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. 1908இல் நடைமுறைக்கு வந்த புதிய ஆணையே இதைப் பெரும்பாலும் சீர்செய்தது. ஒவ்வொருவரையும் எட்டிய பிறகே சட்டம் என்று வைத்தால், எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பது கைநழுவுகிறது.

அறிந்ததாகவே கொள்வோம் என்ற தரப்பு

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1365இல் சிச்செஸ்டர் ஆயர் மீதான வழக்கில், ஒரு சட்டம் மாவட்டங்களில் அறிவிக்கப்படவில்லை என்று வாதிடப்பட்டது. நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் பிரதிநிதி. அது முடிவு செய்த கணமே அனைவரும் அறிந்ததாகக் கொள்ளப்படும் என்று தலைமை நீதிபதி தோர்ப் பதிலளித்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதையே விரித்தார். சட்டங்களைச் சிறிய எழுத்தில் எழுதி உயரமான தூண்களில் தொங்கவிட்ட ரோமப் பேரரசர் கலிகுலாவை அவர் இகழ்ந்தார். எனினும் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் தம் பிரதிநிதி வழியே சட்டமியற்றலில் பங்கு பெறுவதால், தனி அறிவிப்பு சட்டப்படி தேவையில்லை என்றார்.

இந்தக் கற்பிதம் எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது என்பதற்கு ஒரு பழைய விதி சான்று. வேறு தேதி குறிக்கப்படாத சட்டம், அந்த நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்தே நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளப்பட்டது. மாதக்கணக்கில் பின்னோக்கிச் சென்று, இயற்றப்படாத சட்டத்தையே மீறியதாக ஒருவர் மேல் குற்றம் விழலாம். 1793இல் வந்த சட்டம்தான் இதை ஒழித்து, ஒப்புதல் பெற்ற நாளைத் தொடக்கமாக்கியது. ஒப்புதல் நாளே தொடக்க நாள் என்ற வழியைத்தான் இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவும் பின்பற்றுகிறது. வேறு தேதி சொல்லப்படாத ஒன்றியச் சட்டம், ஒப்புதல் பெற்ற நாளின் தொடக்கத்திலேயே உயிர்பெறுகிறது. அரசிதழ் அச்சாவது அதற்குப் பிறகாகவும் இருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரதிநிதித்துவ வாதத்தை விட்டு, பயன் நோக்கிய காரணங்கள் சொல்லப்பட்டன. ஒருவர் உண்மையிலேயே அறியாதிருந்தாரா என்பதை நீதிமன்றம் கண்டுபிடிக்கவே முடியாது என்றார் ஜான் ஆஸ்டின். அறியாமையை ஏற்றுக்கொண்டால் அறியாமையே வளரும் என்றார் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இவை, வெளியிடப்பட்ட சட்டத்தைப் படிக்காதவருக்கே பொருந்துகின்றன. படிக்க எதுவுமே வெளியிடப்படாதபோது, குடிமகனின் சோம்பலைக் காரணம் காட்ட முடியாது.

தூரத்தையும் நாளையும் கணக்கிட்டவர்கள்

இரு தரப்புக்கும் நடுவே சமரசம் தேடியவர்கள் காலக்கெடுவை நாடினார்கள். ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தன் 66ஆம் புதுச்சட்டத்தில் இரண்டு மாத அவகாசம் கொடுத்தார். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், பொதுச் சட்டங்களுக்கு வத்திக்கானின் அதிகார ஏட்டில் வெளியான நாளிலிருந்து மூன்று மாதம் என்கிறது.

இவற்றில் நுட்பமானது 1804ஆம் ஆண்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் முதல் பிரிவு. தலைநகர் இருக்கும் மாவட்டத்தில் பிரகடனத்துக்கு ஒரு நாள் கழித்துச் சட்டம் அறியப்பட்டதாகும். மற்ற மாவட்டங்களுக்கு ஒவ்வொரு பத்து மிரியமீட்டருக்கும், அதாவது 100 கிலோமீட்டருக்கும், ஒரு நாள் கூடும். 800 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மாவட்டத் தலைநகருக்கு மேலும் எட்டு நாள் கிடைக்கும். குதிரையில் போகும் தபாலின் வேகமே சட்டத்தின் வேகம் என்று அந்தப் பிரிவு ஒப்புக்கொண்டது. தந்தி, ரயில், இணையம் எல்லாம் வந்தபின், 2004இல் அந்தப் பிரிவே மாற்றி எழுதப்பட்டது. சட்டமே தேதி குறிக்காவிட்டால், அதிகார இதழில் வெளியான மறுநாள் அது நடைமுறைக்கு வரும்.

காலத்தைவிடக் காதை நம்பிய வழியும் உண்டு. ஒடிசாவின் தௌலியில் உள்ள அசோகரின் தனிக் கலிங்கக் கல்வெட்டுகள், தங்களைத் திஷ்ய நட்சத்திர நாளில் மக்கள் கேட்கும்படி வாசிக்க வேண்டும், இடைப்பட்ட நாள்களிலும் ஒரே ஒருவர் இருந்தாலும் வாசிக்க வேண்டும் என்கின்றன. கல்லில் பொறித்ததோடு கடமை முடிந்தது என்று அந்த அரசு எண்ணவில்லை. எழுத்தறியாதவருக்குக் கல்வெட்டு வெறும் கல் என்ற தெளிவு அதில் இருக்கிறது.

பெந்தமின் திருத்தம்

அறிவிப்பைச் சடங்கு என்ற நிலையிலிருந்து பணி என்ற நிலைக்கு மாற்றியவர் ஜெரமி பெந்தம். நீதிபதிகள் தீர்ப்பின் வழியே உண்டாக்கும் வழக்குச் சட்டத்தை அவர் கடுமையாகச் சாடினார். நாய் தவறு செய்யும்வரை காத்திருந்து பிறகு அடிப்பதைப் போல, மக்கள் தவறும்வரை காத்திருந்து தண்டிக்கும் முறை அது என்றார். அவர் கேட்டது மூன்று: சட்டங்கள் தொகுக்கப்பட வேண்டும், ஒவ்வொரு தொழில் செய்வோருக்கும் அவர்களைப் பற்றிய சட்டம் தனியே பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும், ஒப்பந்தம் எழுதும் தாளின் ஓரத்திலேயே அதற்குரிய சட்டம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தை மக்கள் தேடிப் போவதற்குப் பதில், தேவைப்படும் இடத்தில் சட்டம் மக்களைத் தேடி வரவேண்டும் என்பதே இதன் சாரம்.

பெந்தமின் குறை, முழுமையாகத் தொகுத்துவிட்டால் தெளிவு தானே வரும் என்று நம்பியது. தொகுத்த சட்டமும் காலப்போக்கில் தீர்ப்புகளாலும் திருத்தங்களாலும் மூடப்படுகிறது. ஆனால் அறிவிப்பின் அளவுகோல் வாசகர்தான் என்று அவர் நிறுவியதை இன்றும் மறுக்க முடியவில்லை.

இந்திய நீதிமன்றங்கள் கடந்த பாதை

இந்தியாவில் இக்கேள்வியின் அடிப்படைத் தீர்ப்பு 1951இல் வந்தது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் மன்னர் வயது வராதவராக இருந்தபோது, ஆட்சியை நடத்திய மன்றம் 1923 டிசம்பரில் ஒரு தீர்மானத்தின் மூலம் அபினிச் சட்டத்தை நிறைவேற்றியது. அது அரசிதழிலோ வேறு எங்குமோ வெளியிடப்படவில்லை. பல ஆண்டுகள் கழித்து அதன்கீழ் ஒருவருக்கு ஐம்பது ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ‘ஹர்லா எதிர் ராஜஸ்தான் அரசு’ என்ற அந்த வழக்கில் நீதிபதி விவியன் போஸ், பூட்டிய அறைக்குள் எடுத்த முடிவு மக்களைக் கட்டுப்படுத்தாது என்றார். வெளியிடும் முறையை எந்தச் சட்டமும் விதிக்காவிட்டாலும், மக்கள் அறியக்கூடிய ஏதோ ஒரு வழியில் வெளியிட வேண்டும் என்று இயற்கை நீதியே கேட்கிறது என்பது தீர்ப்பின் சாரம். பிரெஞ்சுத் தொகுப்பின் முதல் பிரிவையும் அவர் கருத்தில் கொண்டார்.

1964இல் மறுபக்கம் சோதிக்கப்பட்டது. சூரிச்சிலிருந்து மணிலா செல்லும் விமானத்தில் வந்த ஜெர்மானியப் பயணி ஒருவரிடம், 1962 நவம்பர் 28 அன்று பம்பாயில் 34 கிலோ தங்கம் பிடிபட்டது. இந்தியா வழியாகக் கடந்து செல்லும் தங்கத்தையும் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிக்கை, அதற்கு நான்கு நாள் முன்புதான் அரசிதழில் வெளிவந்திருந்தது. வெளிநாட்டில் இருந்தவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கப்பட்டது. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இந்தியாவில் வழக்கமான முறையில் வெளியிட்டால் போதும், உலகம் முழுவதும் அறிவிக்கத் தேவையில்லை என்றது. குற்ற எண்ணம் இல்லாமல் தண்டிக்கலாமா என்ற கோணத்தில் நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார்.

பிறகு ‘வெளியீடு’ என்பது எது என்ற கேள்வி வந்தது. அச்சான அரசிதழ் விற்பனைக்கு வந்து பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 1998இல் நியூ டொபாக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டே ஆண்டில், 2000ஆம் ஆண்டு கணேஷ் தாஸ் போஜ்ராஜ் வழக்கில், அரசிதழ்த் தேதியே போதும் என்று அந்த நிலையிலிருந்து விலகியது. நிர்வாக உறுதிக்கு இது உதவியது. குடிமகனின் கைக்கு எட்டுதல் என்ற அளவுகோல் பின்னுக்குப் போனது.

மின்னணு அரசிதழ் வந்தபின் கேள்வி நாளிலிருந்து நொடிக்குச் சுருங்கியது. 2019 பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தான் பொருள்களுக்கான இறக்குமதித் தீர்வை 200 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அறிவிக்கை இணையத்தில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அதற்கு முன்பே அட்டாரி எல்லையில் இறக்குமதிக்கான ஆவணங்களைத் தாக்கல் செய்தவர்களிடமும் புதிய தீர்வை கேட்கப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம், பதிவேறிய நேரத்துக்கு முந்தைய தாக்கலுக்குப் புதிய விகிதம் பொருந்தாது என்றது. ஒரு நாளை முழுமையான ஓர் அலகாகக் கொள்ளும் பழைய கற்பிதத்தை விட்டு, உண்மையில் அறியக்கூடிய கணத்தை நோக்கி நீதிமன்றம் நகர்ந்ததை இதில் காணலாம்.

அறிவித்தால் மட்டும் போதுமா?

அமெரிக்க அறிஞர் லான் ஃபுல்லர் 1964இல், சட்டமியற்றுவதில் தோற்கும் எட்டு வழிகளைப் பட்டியலிட்டபோது, வெளியிடாமை அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. நூற்றில் ஒருவரே படித்தாலும் வெளியிடுவது தேவை. அந்த ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் நடக்கிறார்கள், படித்தவர் விமர்சிக்கவும் முடிகிறது என்றார். சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட், இவை திறமையான ஆட்சிக்கான விதிகளே, கொடிய சட்டத்தையும் ஒழுங்காக வெளியிட முடியும் என்று பதிலளித்தார்.

ஹார்ட்டின் எச்சரிக்கைக்கு இந்திய அனுபவம் வலுச் சேர்க்கிறது. 1967 முதல் 1981 வரை பீகாரில் 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. பல, மறுபடி மறுபடி பிறப்பிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைக்கப்பட்டன. எல்லாம் முறைப்படி பிரகடனம் ஆனவையே. குறைந்துபோனது சட்டமன்றத்தின் விவாதம்தான். இதை 1986இல் வாத்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது. 2017இல் ஏழு நீதிபதிகள் அமர்வும் மறுபிறப்பிப்பைக் கண்டித்தது. மக்கள் அறிந்த சட்டம் எல்லாம் மக்கள் பங்கேற்ற சட்டம் ஆகாது.

எந்த மொழியில் அறிவிப்பது?

பழைய வாதங்கள் அதிகம் தொடாத பகுதி மொழி. 2007இல் ஸ்கோமா-லக்ஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், செக் மொழியில் வெளியாகாத ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதியைச் செக் நாட்டவர் மேல் சுமத்த முடியாது என்றது. வேறு மொழியில் அவர் படித்திருக்கலாம் என்ற பதில் ஏற்கப்படவில்லை. 2009இல், டென்னிஸ் மட்டைகளோடு விமானம் ஏறிய வியன்னாப் பயணி ஒருவர் இறக்கப்பட்ட வழக்கில், தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் இரகசியமாக இருந்ததால் அது கட்டுப்படுத்தாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலங்கை அரசமைப்பின் 23ஆம் பிரிவு, சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிடப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவில் ஒன்றியச் சட்டங்களின் மாநில மொழி வடிவங்களுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதிகாரம் தருகிறது. ஆனால் அந்த வடிவம் வரும்வரை சட்டம் காத்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. செக் நாட்டவருக்குக் கிடைத்த வாதம் இந்தியக் குடிமகனுக்கு அதே வடிவில் கிடைப்பதில்லை.

மதிப்பீடும் எஞ்சும் கேள்விகளும்

மேலே கண்ட தரப்புகளைத் தொகுத்துப் பார்த்தால், சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். எங்குமே வெளியிடப்படாத சட்டத்தைக் கொண்டு தண்டிப்பதை இன்று எந்த முதன்மையான தரப்பும் ஆதரிப்பதில்லை. அதே சமயம், ஒவ்வொருவரும் உண்மையில் அறிந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நிலைக்கவில்லை. திரிதெந்துச் சங்கத்தின் அனுபவம் அதன் விலையைக் காட்டிவிட்டது. அறியக்கூடிய நிலை என்ற நடுவழியே எஞ்சியிருக்கிறது. அக்குவினாஸ் ஒப்புக்கொண்டதும், ஹர்லா தீர்ப்பு கேட்டதும் ஏறத்தாழ இதையே.

அந்த நடுவழியில் அரசு தன் பங்கைச் செலுத்துகிறதா என்பதுதான் விவாதத்துக்குரியது. குடிமகன் சட்டத்தை அறிந்ததாகக் கொள்வது அரசுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. அதற்கு ஈடாக, சட்டத்தை விளங்கும் மொழியில், தேடாமல் கிடைக்கும் இடத்தில், நியாயமான அவகாசத்தோடு வைக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று கருதுவதே பொருத்தம். சட்டம் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதற்கு அரசிதழின் நேரமுத்திரை நல்ல விடை. மீறியவரைத் தண்டிப்பது எப்போது நியாயம் என்பதற்கு அது மட்டும் போதிய விடை ஆகாது. இங்கிலாந்தின் 1946ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் பிரித்துப் பார்த்தது. வெளியிடப்படாத துணைவிதியை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதையே எதிர்வாதமாக வைக்கலாம். தெரியப்படுத்த நியாயமான முயற்சி எடுத்ததாக அரசு நிரூபித்தால் மட்டுமே அது எடுபடாது. இவ்வழி இந்தியாவிலும் ஆராயத்தக்கது.

தீராதவையும் உண்டு. மொழிபெயர்ப்புத் தாமதத்தை அறிவிப்புக் குறையாகக் கொள்ளலாமா? நாள்தோறும் குவியும் அறிவிக்கைகளின் பெருக்கமே ஒருவகை மறைப்பு ஆகிவிடாதா? இணையவசதி இல்லாதவருக்கு மின்னணு அரசிதழ் வெளியீடு ஆகுமா? தண்டோரா வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசு 2022இல் மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தியது. அறிவிப்பவரின் கண்ணியம் கருதிய சரியான முடிவு அது. ஆனால் வீட்டு வாசல் வரை வந்த குரலின் வேலையை இனி எது செய்யும் என்பதற்கு முழு விடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரோமின் சந்தை நாள் மரபு இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. மசோதாக்களைக் குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2014இல் வகுத்த கொள்கை, சட்டக் கட்டாயம் ஆகவில்லை. சட்டம் வந்தபின் தெரிந்துகொள்ளும் உரிமையை நீதிமன்றங்கள் பெருமளவு நிலைநாட்டியுள்ளன. வருமுன் தெரிந்துகொள்ளும் உரிமையை நிலைநாட்டும் பொறுப்பு சட்டமன்றங்களிடம் இருக்கிறது.